கத்துகிற பெட்டியை எங்கே கொழுவுவது?

கடந்த மாரிகாலத்தில், மீளக்குடியேறிய கிராமம் ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நலன்புரி நிலையத்திலும் பின்னர் தகரக் கொட்டிலிலுமாகப் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு, கல்வீட்டுக்கு வந்து சில வருடங்களே ஆன விவசாயக் குடும்பம். குசினி வாசலுக்கு நேர்மேலே, சிறிய தட்டு ஒன்றைக் கவிழ்த்து ஒட்டியது போல வெள்ளை நிறத்தில் ஒரு பொருள் கொழுவியிருந்தது. கனடாவில் இருக்கும் மகள் அனுப்பியதாம்.

“உது புகை வந்தால் கத்துமாம் தம்பி,” என்றார் அந்த வீட்டு ஆச்சி. “வெங்காயம் வதக்கினாலும் கத்துது, மிளகாய் வறுத்தாலும் கத்துது, அடுப்பு மூட்டினாலே கத்துது. குழந்தைப்பிள்ளை திடுக்கிட்டு எழும்புது. பற்றரியைக் கழட்டிப் போட்டன்.”

கழற்றிய பற்றரிகள் சுவர் மணிக்கூட்டுக்குப் போய்விட்டன. அதனுடன் வந்த இன்னொரு பெட்டி உறை பிரிக்கப்படாமல் அலுமாரிக்கு மேலே இருந்தது. எதற்கென்று தெரியாததால் ஒருவரும் தொடவில்லை. எடுத்துப் பார்த்தேன். அது காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவி. அந்த வீட்டில் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் சிறிய ஜெனரேற்றரும் வைத்திருந்த சாமான் அறை, பிள்ளைகள் படுக்கும் அறைக்கு அடுத்ததாக இருந்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகவில்லை. மின்சாரம் நின்ற இரவுகளில், மழையில் நனையக்கூடாது என்று, ஜெனரேற்றரை அந்த அறைக்குள் வைத்தே ஓட்டியிருக்கிறார்கள்.

தேவையில்லாத இடத்தில் கொழுவிய கருவி காரணமில்லாமல் கத்தியது. உயிரைக் காக்கக்கூடிய கருவி உறைக்குள் கிடந்தது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய இப்படியான பெட்டிகள் வாசகர்கள் சிலரின் வீடுகளிலும் இருக்கக்கூடும். இவை என்ன செய்யும், என்ன செய்யமாட்டா, எமது வீடுகளில் எங்கே பொருத்தவேண்டும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெட்டிகள் இரண்டு, வேலைகளும் இரண்டு

முதலாவது, புகை எச்சரிக்கைக் கருவி. வீடுகளில் பற்றரியுடன் பொருத்தக்கூடிய வகை அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியில் உருவானது. வீடு எரிந்து இறப்பவர்களில் பெரும்பாலானோர் நெருப்புச் சுட்டு இறப்பதில்லை; அதற்கு முன்னரே புகையைச் சுவாசித்து மயங்கிவிடுகிறார்கள். அயர்ந்து தூங்குபவரைப் புகை மணம் எழுப்பும் என்று நம்புவதற்கில்லை. காது மட்டும் தூக்கத்திலும் ஓரளவு விழித்திருக்கும். எனவேதான் இந்தக் கருவி சத்தம் போடுகிறது.

இதில் இரு வகைகள் உண்டு. ஒன்றின் உள்ளே சிறிய ஒளிக்கதிர் ஓடிக்கொண்டிருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரியில் படும். உடனே மணி ஒலிக்கும். மெத்தை, சாக்கு, தும்பு போன்றவை நெடுநேரம் புகைந்து பின்னர் பற்றும் நெருப்பை இது விரைவில் அறியும். மற்றையதில் அமெரிசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. கொழுந்துவிட்டெரியும் நெருப்பை இது முந்தி அறியும். ஆனால் சமையல் ஆவிக்கும் பொரியல் புகைக்கும் கூடுதலாகக் கத்துவதும் இதுதான். பெட்டியின் பின்புறத்தில் ‘போட்டோ எலெக்ரிக்’, ‘அயனைசேசன்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டிக் கேளுங்கள். எமது வீடுகளுக்கு முதலாவதே பொருத்தம். இரண்டாவது வகையை உடைத்துப் பார்ப்பதோ குப்பையோடு போட்டு எரிப்பதோ கூடாது. மூடியிருக்கும் வரை அதனால் தீங்கில்லை.

இரண்டாவது பெட்டி காபனோரொட்சைட்டுக்கு உரியது. விறகு, கரி, பெற்றோல், மண்ணெண்ணெய், எரிவாயு என எதுவாயினும், போதிய காற்றின்றி அரைகுறையாக எரியும்போது இந்த வாயு பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிப்பதுமில்லை. நாம் புகையென்று சொல்வது கண்ணுக்குத் தெரியும் கரித்துகள்களை. அதனோடு கூடவே தெரியாமல் வருவது இது. புகை அடங்கி, சிவந்து கனலும் தணலிலிருந்தும் இது வந்துகொண்டேயிருக்கும். “புகைதான் இல்லையே, தணலை உள்ளே எடுத்து வைத்தால் என்ன” என்ற எண்ணம் ஆளைக் கொல்லுவது இதனால்தான்.

எமது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினுடன் இந்த வாயு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான பலத்துடன் ஒட்டிக்கொள்கிறது. ஏறிய பஸ்ஸில் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும் பயணி போல, ஒட்சிசனுக்கு இடமில்லாமற் செய்துவிடுகிறது. முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, வயிற்றுப்பிரட்டல், வாந்தி, தடுமாற்றம், மயக்கம். காய்ச்சல் மட்டும் இராது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ தடிமன் வரப்போகிறது என்றோ நினைத்துப் படுத்துவிடுவார்கள். படுத்தால் எழும்புவதில்லை. ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே முற்றத்துக்கு வந்ததும் குறைந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த வாயுவைத்தான். கருவுற்ற பெண்ணின் வயிற்றிலுள்ள சிசு தாயைவிடக் கூடுதலாகப் பாதிக்கப்படும்.

ஒரு கருவி மற்றதன் வேலையைச் செய்யாது. இரண்டும் சேர்ந்த பெட்டியும் விற்பனையில் உண்டு. அப்படியானால் அதில் எழுதியிருக்கும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் எமது நாட்டில் வீட்டு எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் அடுத்தடுத்து வெடித்துத் தீப்பற்றியதை மறந்திருக்க மாட்டீர்கள். எரியாமல் கசியும் எரிவாயுவை மேற்சொன்ன இரண்டு கருவிகளும் அறியமாட்டா. அதற்கு வேறொரு கருவி இருக்கிறது. சிலிண்டர் வாயு காற்றைவிடப் பாரமானது, தரையில் தேங்கும். ஆகவே அந்தக் கருவியைத் தரைக்கு அண்மையில் வைக்கவேண்டும். சோப்புத் தண்ணீரைக் குழாய் இணைப்பில் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது செலவில்லாத வழி.

கிணறும் விளக்கும்

வீட்டைப் பற்றிய கட்டுரையில் கிணற்றுக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்பீர்கள். விவசாயக் குடும்பங்கள் இந்த வாயுவை முகத்துக்கு முகம் சந்திக்கும் இடம் பெரும்பாலும் கிணறுதான் என்பதால்.

நிலத்தில் வைத்து இறைக்கும் இயந்திரம் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் உயரத்துக்கு எல்லை உண்டு. கணக்கின்படி ஏறத்தாழ 10 மீற்றர்; நடைமுறையில் 7 மீற்றர் அளவு, அதாவது இருபத்துமூன்று அடி. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் இயந்திரம் வெறும் காற்றைத்தான் உறிஞ்சும். அப்போது சிலர் கிணற்றுக்குள் குறுக்கே மரங்களைப் போட்டு, இயந்திரத்தைக் கயிற்றில் இறக்கி அங்கே வைத்து ஓட்டுகிறார்கள். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில், ஒரு துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இயந்திரத்தின் புகை புதிதல்ல. வயலில் அந்தப் புகை காற்றோடு போய்விடும். கிணற்றுக்குள் போக வழியில்லை.

எமது பெரியவர்களுக்குக் கிணற்றில் இறங்குவதற்கு ஒரு பரீட்சை தெரியும். விளக்கை அல்லது எரியும் ஓலையைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கமாட்டார்கள். பாழடைந்த கிணறுகளுக்கு இது நல்ல பரீட்சை. காற்றில் ஏறத்தாழ 21 வீதமாக இருக்கும் ஒட்சிசன் 16 வீதமளவுக்குக் குறைந்தால் சுடர் அணைந்துவிடும். பல வருடங்கள் கைவிடப்பட்டுக் குப்பைகூளம் உக்கிக் கிடக்கும் கிணற்றில் நடப்பது அதுதான். மீளக்குடியேறிப் பழைய கிணற்றைத் துப்புரவாக்கப் போகிறவர்கள் இதை மறக்கவேண்டாம்.

ஆனால் இயந்திரம் ஓடிய கிணற்றில் இந்தப் பரீட்சை ஏமாற்றிவிடும். பத்தாயிரம் பங்கு காற்றில் 16 பங்கு காபனோரொட்சைட்டு இருந்தால் இருபது நிமிடத்தில் தலையிடியும் மயக்கமும் வந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் உயிருக்கு ஆபத்தாகும். அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் அரை மணித்தியாலம் போதும். இவ்வளவு சிறிய அளவில் ஒட்சிசன் குறைவதே இல்லை. விளக்கு நன்றாக எரியும். “விளக்கு எரியுது, இறங்கு” என்று மேலே நிற்பவர் சொல்வார். இறங்கியவர் கைகால் சோர்ந்து விழுவார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், பிறகு பக்கத்துக் காணிக்காரர். இப்படி ஒருவர்பின் ஒருவராக இறந்த செய்திகள் புதிதல்ல.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் இதே இடத்தில்தான் ஏமாந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி, சுரங்க வெடிப்புகளில் இறந்தவர்களில் மிகப் பலரைக் கொன்றது காபனோரொட்சைட்டு என்று கண்டறிந்தார். தானே அந்த வாயுவைச் சுவாசித்து, உடலில் என்ன நடக்கிறது என்று குறித்தும் வைத்தார். சிறிய பிராணிகளுக்கு மூச்சும் இரத்த ஓட்டமும் வேகமானவை. மனிதருக்கு முன்னரே அவை மயங்கிவிடும். ஆகவே கனேரிக் குருவியைக் கூட்டில் வைத்துச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும்படி யோசனை சொன்னவர் அவர். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986ஆம் ஆண்டு வரை இந்த வழக்கம் இருந்தது. குருவியின் இடத்துக்கு மின்கருவி வந்தது. ஆச்சியின் அலுமாரிக்கு மேலே உறைக்குள் கிடந்த பெட்டியை அந்தக் குருவியின் பேரப்பிள்ளை எனலாம்.

“அப்படியென்றால் இந்தப் பெட்டியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்க்கலாமே?” என்று அந்த வீட்டு மருமகன் கேட்டார். நல்ல கேள்வி. விடை: கூடாது. வீட்டுக் கருவி வாயு பட்டவுடன் கத்துவதில்லை. ஐரோப்பிய நியமப்படி, பத்து இலட்சம் பங்கு காற்றில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள், 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடங்களுக்குள், 300 பங்கு என்றால் 3 நிமிடத்துக்குள் ஒலிக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். சிறிது நேரம் வந்து போகும் புகைக்கெல்லாம் கத்தி வீட்டாரைச் சலிக்க வைக்கக்கூடாது என்பதற்காக. கிணற்றில் அந்தத் தாமதமே ஆளை மாய்த்துவிடும். ஒட்சிசன் இல்லாமையையும் காபனீரொட்சைட்டையும் அது அறியவும் அறியாது.

இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்காமல் இருப்பதே வழி. மின் மோட்டரோ, சூரிய சக்தியில் ஓடும் நீர்மூழ்கிப் பம்பியோ வாங்க வசதியில்லாவிட்டால், நீர் எட்டும் அளவுக்குப் பயிரைக் குறைத்துச் செய்வது நல்லது. கேட்கக் கசப்புத்தான், ஆனாலும் வேறு சொல்ல முடியவில்லை. ஏற்கனவே இறக்கி ஓட்டியிருந்தால், நிறுத்திய பின்னரும் வாயு பல மணித்தியாலங்கள் அங்கேயே நிற்கும். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் இன்னொருவர் இறங்கவேண்டாம். ஆட்களைக் கூப்பிடுங்கள், அவர் நினைவோடு இருந்தால் கயிற்றை எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள்.

எந்த வீட்டில், எந்தச் சுவரில்

இந்தக் கருவிகளோடு வரும் கையேடுகள் குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதப்பட்டவை. எமது வீடுகள் அப்படியல்ல.

கிடுகு அல்லது பனையோலை வேய்ந்த கொட்டிலுக்குப் புகைக் கருவி வாங்குவது வீண்செலவு என்பது என் அபிப்பிராயம். புகை ஓலை இடுக்குகளால் போய்விடும். கூரையில் தீப்பற்றினாலோ கருவி கத்துவதற்கும் முகடு விழுவதற்கும் இடையே நேரம் கிடைக்காது. அங்கே கவனிக்கவேண்டியவை வேறு. அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

தகரக் கொட்டிலில் வேறு சிக்கல். பல கருவிகள் 4 முதல் 38 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்துக்கே செய்யப்பட்டவை. பங்குனி, சித்திரை மத்தியானத்தில் தகரத்தின் கீழ் அதைவிடச் சூடு ஏறும். கருவி பழுதாகும்; தகரத்தை ஒட்டி நிற்கும் சூடான காற்றுப் புகையை மேலே ஏறவும் விடாது. ஆகவே தகரத்திலோ அதைத் தாங்கும் சலாகையிலோ பூட்டாமல், உட்பக்கச் சுவரில், மேலிருந்து ஓரடி அளவு கீழே பூட்டுங்கள்.

கல்வீடுகளுக்குத்தான் இந்தக் கருவி உண்மையில் பயன்படும். 2012 முதல் இந்திய உதவியுடன் வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்ட 550 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு அறை, ஒரு விறாந்தை அல்லது மண்டபம், ஒரு குசினி. இப்படியான வீடுகள் பலவற்றில் உட்கூரை இல்லை. அறைச் சுவருக்கு மேலே இடைவெளி இருந்தால் குசினியில் எழும் புகையும் வாயுவும் அந்த வழியாகப் படுக்கை அறைக்குள் தாராளமாக வரும். புகைக் கருவியைக் குசினியில் வைக்கவேண்டாம். படுக்கும் அறைக்கும் குசினிக்கும் இடைப்பட்ட மண்டபத்தில், அறை வாசலுக்குக் கிட்டவாக வையுங்கள். கையேடு சமையல் இடத்திலிருந்து 10 அடி என்று சொல்லும். அது எரிவாயு அடுப்புக்குச் சொன்னது. விறகடுப்பென்றால் 10 அடி காணாது. வீட்டின் மறு அந்தம்வரை தள்ளிப் பாருங்கள். சாம்பிராணி போடும் இடம், நுளம்புத்திரி வைக்கும் மூலை, மின்விசிறியின் நேர்ப்பார்வை ஆகியவற்றுக்கும் விலக்கி வையுங்கள். முகட்டில் பூட்டுவதானால் உச்சியிலிருந்து மூன்றடிக்குள் இருக்கலாம். ஆனால் உச்சிக் கூரின் கடைசி நாலு அங்குலத்துக்குள் காற்று அசையாது நிற்கும், அதற்குள் வேண்டாம். ஏணியில்லாமல் எட்டாத உயரத்தில் பூட்டினால் பற்றரி மாற்ற ஒருவரும் ஏறமாட்டார்கள் என்பதையும் யோசியுங்கள்.

காபனோரொட்சைட்டுக் கருவி கூரையில் இருக்கவேண்டிய அவசியமில்லை. அந்த வாயுவும் காற்றும் கிட்டத்தட்ட ஒரே பாரம். எங்கும் கலந்து நிற்கும். படுக்கும் அறையில், படுத்திருப்பவரின் தலை மட்டத்துக்கு அண்மையில், யன்னலை ஒட்டாமலும் திரைச்சீலைக்கோ அலுமாரிக்கோ பின்னால் மறையாமலும் சுவரில் கொழுவினால் போதும். ஒன்றுதான் இருக்கிறதென்றால், பிள்ளைகள் படுக்கும் அறைக்கு.

இந்தக் கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் ஜெனரேற்றரை வீட்டுக்குள் ஓட்டவேண்டாம். 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களில் வாங்கிய ஜெனரேற்றர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. விறாந்தையும் வேண்டாம், யன்னலுக்குக் கீழும் வேண்டாம். யன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். மழைக்குத் தகரத் துண்டொன்றை நாலு தடியில் ஏற்றினால் போதும், சுற்றிவர அடைக்கக்கூடாது. வாழைக்குலைக்குப் புகை போடும் குழியும், புகையிலைக்குப் புகை போடும் கொட்டிலும் இப்படித்தான். மூடி வைத்துத் தும்பையும் மட்டையையும் புகைய விடும்போது அதிகமாகப் பிறப்பது இந்த வாயு. திறந்தவுடன் தலையை உள்ளே நீட்டாமல் சற்று நேரம் ஆறவிடுங்கள்.

வந்த பெட்டியைப் பரிசோதித்தல்

கனடாவிலிருந்து வந்த பெட்டியில் மின்சாரச் செருகி இருந்தால், எமது சுவரில் செருகவேண்டாம். அங்கே மின்சாரம் 120 வோல்ற்று, இங்கே 230. ஒரே நொடியில் கருகிவிடும். பற்றரியில் ஓடுவதே எமக்கு வேண்டியது. உறவினரிடம் கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பின்புறத்தில் திகதி அச்சிட்டிருக்கும். புகைக் கருவியின் ஆயுள் 10 ஆண்டு. காபனோரொட்சைட்டுக் கருவியினுடையது 5 முதல் 10 ஆண்டு. அங்கே சட்டம் இருப்பதால் பழையதைக் கழற்றிப் புதியது போடுவார்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் காபனோரொட்சைட்டுக் கருவி 2014 முதலும், இங்கிலாந்தின் வாடகை வீடுகளில் புகைக் கருவி 2015 முதலும் கட்டாயம். கழற்றிய பழசு சில வேளை சாமான் பெட்டியில் இங்கே வந்துசேர்ந்துவிடும். அனுப்பியவர் அன்பாகத்தான் அனுப்பியிருப்பார். ஆயினும் காலம் கடந்த கருவி, இல்லாத கருவியைவிட மோசமானது. இருக்கிறதென்று நம்பிப் படுப்போம் அல்லவா?

நடுவிலுள்ள பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ‘கீச்’ என்றால் பற்றரி முடிகிறது என்று அர்த்தம். மூன்று மூன்றாக விட்டுவிட்டு ஒலித்தால் புகை. நாலு நாலாக ஒலித்தால் காபனோரொட்சைட்டு. பெரும்பாலான கருவிகள் இந்த முறையில் ஒலிக்கின்றன. உங்களுடையது எப்படி என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம். எமது ஊரில் எறும்பும் பல்லியும் குளவியும் இந்தப் பெட்டிக்குள் குடிவரும். மாதமொருமுறை வெளிப்புறத்தைத் தூசு தட்டுங்கள்.

காபனோரொட்சைட்டுக் கருவி ஒலித்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடவேண்டாம். எல்லோரையும் முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள், எண்ணிப் பாருங்கள். சத்தம் நின்றவுடன் திரும்பிப் போய்ப் படுக்காதீர்கள். தலையிடியோ மயக்கமோ இருந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வெறும் காற்றில் இரத்தத்திலுள்ள வாயு பாதியாகக் குறைய 4, 5 மணித்தியாலம் எடுக்கும். முகமூடி வழியாகத் தூய ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணித்தியாலம் அளவு. வைத்தியரிடம் “அறைக்குள் ஜெனரேற்றர் ஓடியது”, “தணல் வைத்திருந்தோம்” என்று மறைக்காமல் சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் பழகிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி இந்த நஞ்சை இனங்காணாது. எல்லாம் சரியென்றே இலக்கம் காட்டும்.

பெட்டி இல்லாத வீட்டுக்கு

பெரும்பாலான வாசகர் வீட்டில் இரண்டு பெட்டியும் இராது. அதனால் ஒன்றும் செய்யமுடியாது என்று எண்ணவேண்டாம்.

பிள்ளை பெற்ற அறையில், குளிருக்கென்று தணற்சட்டி வைப்பது சில வீடுகளில் வழக்கம். வேது பிடிக்கவும் சாம்பிராணி காட்டவும் தணல் தேவைப்படலாம். காட்டி முடிந்ததும் சட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். கதவையும் யன்னலையும் அடைத்து, சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு தாயும் பிள்ளையும் தூங்குவது மிகவும் ஆபத்தானது. சிரட்டைக்கரி, ஊமற்கரி எல்லாம் ஒன்றுதான்.

தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் சிறு திரிவைத்து எரித்த சிக்கன விளக்கைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். போத்தலில் மூடியில்லாத் திரி விளக்குச் சாய்ந்தால் மண்ணெண்ணெய் சிந்தி, ஆடையிலும் பாயிலும் பற்றும். இவ்வாறு எரிகாயப்பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்துச் சலித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரிந்தாலும் உருளாத, தடித்த கண்ணாடியும் திருகுமூடியும் கொண்ட குள்ள விளக்கொன்றை வடிவமைத்தார். ‘சுதீபா’ என்னும் அந்த விளக்குக்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். இன்றைக்கு ஒரு சிறிய சூரிய விளக்கு அதைவிட நல்லது. மண்ணெண்ணெய் விளக்குத்தான் என்றால் அகன்ற அடியும் திருகுமூடியும் உள்ளதாக, பிள்ளைக்கு எட்டாத தட்டில். பெற்றோலும் மண்ணெண்ணெயும் படுக்கும் அறையில் வேண்டாம்.

கொட்டிலில் இருப்பவர்கள் குசினியைத் தனியாக, சோளகக் காற்று வீசும்போது தீப்பொறி வீட்டுக் கூரைக்கு வராத பக்கத்தில் போடுங்கள். இரவில் தணலைச் சாம்பலால் மூடினால் போதாது, தண்ணீர் தெளியுங்கள். வாசலில் ஒரு வாளி தண்ணீர், ஒரு சாக்கு.

கல்வீட்டில் குசினியின் மேற்சுவரில் புகை போக ஓட்டை விடுங்கள். முடிந்தால் புகைக்கூடு கட்டுங்கள். 1980களில் எமது நாட்டில் உருவான இரட்டைப் பானை ‘அனகி’ மண் அடுப்பு விறகைக் குறைத்து எரிக்கும். விறகு குறைந்தால் புகையும் குறையும். ஈர விறகை மழைக்கு முன்னமே வெட்டி அடுக்கிக் காயவிடுங்கள். வீட்டுக்குள் எரிக்கும் எரிபொருள்களின் புகையினால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்கள் ஓரிரவில் மயங்கி இறந்தவர்களல்லர். வருடக்கணக்காகப் புகைக்கு முன்னால் குந்தியிருந்து நெஞ்சும் இருதயமும் கெட்டவர்கள். அந்த அளவு புகையில் காபனோரொட்சைட்டுக் கருவி பெரும்பாலும் வாயே திறக்காது. அது மௌனமாக இருக்கிறது என்பதால் குசினிக் காற்று நல்லது என்றாகிவிடாது.

ஆச்சி வீட்டில் அன்று பின்னேரமே மருமகன் ஜெனரேற்றரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடித் தென்னைக்குப் பக்கத்தில் வைத்தார். உறையைப் பிரித்துப் பிள்ளைகளின் அறையில் ஓர் ஆணி அடித்தோம். குசினி வாசலில் இருந்ததைக் கழற்றி மண்டபத்தின் மறு அந்தத்துக்கு மாற்றினோம். மணிக்கூட்டிலிருந்து பற்றரிகளைத் திரும்ப எடுக்க ஆச்சிக்கு விருப்பமில்லை. சந்தைக்குப் போன பேரன் புதிதாக வாங்கி வந்தான். பொத்தானை அமத்தியதும் அது போட்ட கூச்சலில் கோழிகள் முற்றத்தில் சிதறின. பின்புறத்தில் 2031 என்று இருந்ததை, பேத்தி கரித்துண்டால் கதவுநிலையில் எழுதிவைத்தாள்.